மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன்ல இருந்து டேட்டா எடுக்க ரேடியோ மோடம் செட் பண்றது எப்படி

மழை அளக்குறது, ஆத்துத் தண்ணி மட்டம் பாக்குறது, டேம் சென்சார், எதுவா இருந்தாலும் உள்ள ஒரு டேட்டா லாக்கர், அதாவது சென்சார் நம்பர பதிவு பண்ணி வைக்குற பெட்டி, உக்காந்திருக்கும், அதுல இருக்குற நம்பர ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வரணும், வேலை அவ்ளோதான். முதல்ல எல்லாருக்கும் தோணுறது சிம் கார்டு. தப்பே இல்ல, லைன் நல்லா கிடைக்குற இடம்னா 4ஜி மோடம் மாட்டிட்டு வீட்டுக்குப் போங்க, ரேடியோ பக்கமே வராதீங்க. ஆனா வெள்ள எச்சரிக்கைக்குன்னு வச்ச ஸ்டேஷன்னா கதை வேற. 2017 நவம்பர்ல பினாங்க மூழ்கடிச்ச மாதிரி ஒரு மழை வந்து கரண்ட் போச்சுன்னா ஃபோன் டவர் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், சரியா நமக்கு நம்பர் வேணுங்குற ராத்திரில வாய மூடிக்கும். அதோட தெலுக் பஹாங் பக்கம் சில பள்ளத்துல சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். அங்கதான் சொந்த ரேடியோ லிங்க், அதாவது ரெண்டு பக்கமும் ரேடியோ மோடம்னு ஒரு பெட்டி, லாக்கர் டேட்டாவ ரேடியோ அலையா மாத்தி அனுப்பும், வாங்கும்.

இந்த வேலைல நான் பாத்த வரைக்கும் "ரேடியோ அவுட்"னு கூப்பிடுற பெரும்பாலான கேஸ்ல ரேடியோ நல்லாத்தான் இருக்கும், ஒயரு, கரண்ட், டைமிங் இந்த மூணுல ஒண்ணுதான் கெட்டிருக்கும். அதனால மூணையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணி ஒண்ணு முடிஞ்சப்புறம் அடுத்ததுக்குப் போங்க. எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிட்டு மலை மேல போயி லேப்டாப்ப திறந்தா எது கெட்டதுன்னு சாமிக்குத்தான் தெரியும்.

பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி அலைவரிசை

மலேசியால ஸ்பெக்ட்ரம், அதாவது ரேடியோ அலைவரிசை எல்லாம் எம்சிஎம்சிங்குற தொடர்பு பல்லூடக ஆணையத்து கையில, 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்துக்குக் கீழ. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உங்களுக்குன்னு ஒரு அலைவரிசைய அப்பரேட்டஸ் அசைன்மெண்ட்டா விண்ணப்பிச்சு வாங்குறது, வருஷா வருஷம் காசு கட்டணும், ஆனா இடைஞ்சல் வந்தா புகார் பண்ண உரிமை இருக்கு. இன்னொண்ணு, கிளாஸ் அசைன்மெண்ட்ல வர்ற பொது பேண்டு, காசு கிடையாது, பவர் கம்மி, பக்கத்துல யாரு கத்துனாலும் பொறுத்துக்கணும். வெள்ள எச்சரிக்கை மாதிரி சீரியஸான வேலைக்கு முதல் வழிதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், பேப்பர் வேலை கொஞ்சம் இழுக்கும், இழுக்கட்டும்.

ஆன்லைன்ல மலிவா கிடைக்குதுன்னு அமெரிக்கா மாடல் 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவ மட்டும் வாங்கிடாதீங்க. அது 902ல இருந்து 928 வரைக்கும் தாவித் தாவி அனுப்பும், நம்ம ஊர்ல 915க்குக் கீழயும் 925க்கு மேலயும் கைத்தொலைபேசி கம்பெனிங்க ஓட்டுறாங்க, நீங்க அனுப்புறது நேரா அவங்க டவர் காதுல போயி விழும், ஆள் தேடிட்டு வருவாங்க. பெட்டில நம்ம நாட்டுச் சான்றான சிரிம் லேபிள் இருக்கான்னும் பாத்துக்குங்க.

பாதை

பினாங்கு தீவுல கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், நடுவுல நிக்குற மலை. பாலிக் பூலாவ்ல இருந்து டவுன்ல இருக்குற கொம்தார் பக்கம் நேர்கோட்டுல 13 கிலோமீட்டர்கூட வராது, ஆனா குறுக்க மலைத்தொடர் நிக்குது, எத்தன வாட் போட்டாலும் துளைக்காது. அதனால கொடிமலை (பினாங்கு ஹில்) மாதிரி உயரத்துல ஒரு ரிப்பீட்டர், அதாவது ஒரு பக்கம் கேட்டத மறு பக்கம் திருப்பி அனுப்புற ரேடியோ, வைக்கணும். அந்தப் பக்கம் இறங்குற தூரம் 9 கிலோமீட்டர் சுமார், இந்தப் பக்கம் டவுனுக்கு 7. எதிர்க்கரைல சுங்கை மூடா, கெப்பாலா பத்தாஸ் பக்கமெல்லாம் வயக்காடு, தட்டை நிலம், அங்கேர்ந்து மலை உச்சி 20 கிலோமீட்டர் சொச்சம் இருந்தாலும் கண்ணுக்கே தெரியும், லிங்க் ஜம்முனு வரும். நிபோங் திபால் பக்கம் செம்பனை தோட்டத்துக்குள்ள இருக்குற ஸ்டேஷன்தான் தொல்லை, தூரத்தவிட மரம்தான் அங்க எதிரி.

கம்ப்யூட்டர்ல பாதைய வரைஞ்சு பாக்க கூகுள் எர்த்ல எலிவேஷன் புரொஃபைல் இருக்கு, ரேடியோ மொபைல்னு ஓசி சாஃப்ட்வேர் ஒண்ணும் இருக்கு. ஒரு எச்சரிக்கை, இந்த மாதிரி சாஃப்ட்வேர்ல நிறைய பேரு போடுற எஸ்ஆர்டிஎம் உயரக் கணக்கு 2000 பிப்ரவரில விண்கலத்துல இருந்து அளந்தது, அதுக்கப்புறம் எழும்புன கொண்டோ அடுக்குமாடி எதுவும் அதுல இருக்காது. தஞ்சோங் தொக்கோங், பாயான் லெப்பாஸ் பக்கம்லாம் ஸ்கிரீன்ல பாதை சுத்தமா இருக்கும், நேர்ல போனா 40 மாடி நிக்கும். அதனால ஒரு தடவ பைனாகுலர் எடுத்துட்டுப் போயி பாருங்கலா, அதவிட நல்ல சாஃப்ட்வேர் கிடையாது.

கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, நேர்கோட்டச் சுத்தி ஃபிரெஸ்னல் ஸோன்னு ஒரு உருண்ட இடம் காலியா இருக்கணும். 450 மெகாஹெர்ட்ஸ்ல 12 கிலோமீட்டர் லிங்க்னா நடுவுல அதோட ஆரம் 45 மீட்டர் கிட்ட வரும், அதுல 60 சதவீதம், அதாவது 27 மீட்டராவது தடையில்லாம இருக்கணும். 20 கிலோமீட்டர்னா பூமி வளைவே நடுவுல 6 மீட்டர் தூக்கிடும், அதையும் சேத்துக்குங்க.

அப்புறம் சிக்னல் கணக்கு. பயப்படாதீங்க, கூட்டல் கழித்தல்தான். 450ல 9 கிலோமீட்டருக்கு வெட்டவெளி இழப்பு 104.6 டெசிபெல். 1 வாட் அனுப்புறோம், அது 30 டிபிஎம் (பவர 1 மில்லிவாட்டோட ஒப்பிட்டு டெசிபெல்ல சொல்ற அளவு). கேபிள்ல 1.5 போகும், ஒரே திசைல பேசுற யாகி ஆன்டெனா 9 குடுக்கும், ரிப்பீட்டர்ல இருக்குற, எல்லாப் பக்கமும் பேசுற ஓம்னி ஆன்டெனா 5 குடுக்கும், அந்தப் பக்கத்துக் கேபிள்ல 2 போகும். எல்லாம் கூட்டிக் கழிச்சா மைனஸ் 64 டிபிஎம். ரிசீவர் மைனஸ் 110 வரைக்கும் கேக்கும்னா 46 டெசிபெல் மிச்சம். பேப்பர்ல இவ்ளோ இருந்தாதான் மரம், இலை, பழசான கேபிள் எல்லாம் தின்னது போக நிஜத்துல ஒரு 20, 30 நிக்கும். 20க்குக் கீழ இருந்தா அந்த லிங்க நம்பாதீங்க. இந்த மைனஸ் 64ங்குற நம்பர எழுதி வச்சுக்குங்க, பின்னால வேணும். தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபெல் மட்டும்தான் போகும், அதனால தூரத்தப் பாத்து மிரள வேணாம், தடையப் பாத்து மிரளுங்க.

மேசை மேல முதல்ல

எல்லாப் பெட்டியையும் ஒரே மேசைல வச்சு ஓட்டிப் பாக்காம எதையும் வெளிய கொண்டு போகாதீங்க. ஆன்டெனா இல்லாம ரேடியோவ அனுப்ப விடக்கூடாது, ஆன்டெனாவுக்குப் பதிலா பவர வாங்கிச் சூடாக்கிடுற 50 ஓம் டம்மி லோடு மாட்டுங்க, பவர இருக்குறதுலயே கம்மியா வைங்க. டம்மி லோடு மாட்டிருந்தாலும் ஒரே ரூம்ல ரெண்டும் நல்லாவே கேட்டுக்கும். 5 வாட்ல ரெண்டு ஆன்டெனாவ எதிர் எதிர்ல வச்சா ரிசீவர் திணறிடும், உருப்படியான ரேடியோவ கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டவங்கள பாத்திருக்கேன்.

முதல்ல ரேடியோவே வேணாம், லாக்கர ஒயர்ல நேரா கம்ப்யூட்டர்ல சொருகி டேட்டா வருதான்னு பாருங்க. வரலன்னா ரேடியோ போட்டாலும் வராது, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனா அவசரத்துல எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. வந்துச்சுன்னா அதே செட்டிங்க எழுதி வைங்க, 9600, 8 பிட், பேரிட்டி இல்ல, 1 ஸ்டாப்னு, லாக்கர் பக்கம் ரேடியோவோட சீரியல் போர்ட்டுல அதே நம்பர் அப்படியே இருக்கணும். சீரியல் ஒயர் ஆர்எஸ்-232 வகைன்னா 2, 3, 5 இந்த மூணு பின்னும்தான் உயிர். லாக்கர் போர்ட்டும் மோடம் போர்ட்டும் ரெண்டும் டிசிஇ வகையா, அதாவது ரெண்டும் மோடம் பக்கத்து பின் வரிசையா இருந்தா சாதா கேபிள் வேலைக்காவாது, 2ம் 3ம் குறுக்க மாத்துன நல் மோடம் கேபிள் வேணும். ஆர்எஸ்-485னா ஏ, பி ரெண்டையும் மாத்திப் பாருங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஏ எது பி எதுன்னு தன் இஷ்டத்துக்குப் பேரு வச்சிருக்கான், மாத்திப் போட்டா ஒண்ணும் எரியாது.

இப்ப ரேடியோ செட்டிங். ஆபீஸ்ல கேள்வி கேக்குற மாஸ்டர், மலைல ரிப்பீட்டர், மத்ததெல்லாம் பதில் சொல்ற ரிமோட். அலைவரிசை, சேனல் அகலம் 12.5 இல்ல 25 கிலோஹெர்ட்ஸ், காத்து வேகம் (ரேடியோ டேட்டாவ காத்துல அனுப்புற வேகம்), நெட்வொர்க் ஐடி, எரர் கரெக்‌ஷன் ஆன் இல்ல ஆஃப், பூட்டுச் சாவி (என்கிரிப்ஷன் கீ), இதெல்லாம் எல்லாப் பெட்டியிலயும் ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணு மாறுனாலும் பேசாது. ரெண்டு அலைவரிசை டூப்ளெக்ஸ் ரிப்பீட்டர்னா மட்டும், ரிமோட் அனுப்புறதுல ரிப்பீட்டர் கேக்கும், ரிப்பீட்டர் அனுப்புறதுல ரிமோட் கேக்கும், அத தலைகீழா போட்டுட்டா சத்தமே இருக்காது.

காத்து வேகமும் சீரியல் வேகமும் வேற வேற, இத நிறைய பேரு குழப்பிக்கிறாங்க. சீரியல் 9600 இருக்குறதால காத்துலயும் 9600 இருக்கணும்னு இல்ல. காத்து வேகத்த இரட்டிப்பாக்குனா ரிசீவர் காது குறைஞ்சது 3 டெசிபெல் மந்தமாகும், பல பெட்டில அதுக்கு மேலயே. மழைமானி அனுப்புறது கால் மணி நேரத்துக்கு கொஞ்சூண்டு பைட்டு, அதுக்கு எதுக்கு 19200? நான் எப்பவும் கம்மி வேகம்தான் வைப்பேன்.

லாக்கர் அட்ரஸ் ஒவ்வொண்ணுக்கும் தனி. கம்ப்யூட்டர் கேள்வி கேட்டு லாக்கர் பதில் சொல்ற மோட்பஸ் முறைன்னா 1ல இருந்து 247க்குள்ள. கேம்ப்பெல் கம்பெனி லாக்கர்ல அவங்களோட பேக்பஸ் முறை ஓட்டுறீங்கன்னா பீக்கன் இன்டர்வெல்ல, அதாவது தானா அறிவிக்குற இடைவெளிய, 0 வைங்க, இல்லாட்டி ஒவ்வொரு ஸ்டேஷனும் "நான் இருக்கேன் நான் இருக்கேன்"னு கத்திக்கிட்டே இருக்கும், ஒரே சேனல்ல பத்து பேரு அப்படிக் கத்துனா வேலை ஓடுமா.

சிக்னல் இருக்கு, டேட்டா வரல

இதுதான் மனுஷன அழ வைக்குற இடம், பெரும்பாலும் டைமிங்தான். மோட்பஸோட சீரியல் வகையான ஆர்டியுல ஒரு செய்தி முடிஞ்சிருச்சுன்னு லாக்கருக்கு எப்படித் தெரியும்? மூணரை எழுத்து அளவுக்கு லைன் அமைதியா இருந்தா முடிஞ்சதுன்னு எடுத்துக்கும். 9600ல அது வெறும் 4 மில்லிசெகண்ட். ஒயர்ல ஒண்ணும் பிரச்சனை வராது, ஆனா ரேடியோ என்ன பண்ணும்னா கொஞ்சம் பைட்டச் சேத்து ஒரு பாக்கெட்டா அனுப்பும், மிச்சத்த அடுத்த பாக்கெட்ல அனுப்பும், நடுவுல 10, 20 மில்லிசெகண்ட் இடைவெளி விழும், அந்தப் பக்கம் லாக்கர் பாதி செய்தியிலேயே முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு குப்பைல போட்டுடும். சின்னக் கேள்வி 8 பைட்டு ஓடிடும், நீளமான பதில்தான் உடையும், அதனால "சில சமயம் வருது சில சமயம் வரல"ன்னு தோணும். மோடம் செட்டிங்ல மோட்பஸ் மோடுன்னு இருந்தா ஆன் பண்ணுங்க. இல்லாட்டி பாக்கெட் அளவ செய்திய விடப் பெருசா வைங்க, சீரியல் டைம்அவுட்ட அந்த 4 மில்லிசெகண்டுக்குச் சொச்சம் மேல வைங்க, முழுசா வாங்கிட்டு முழுசா அனுப்பும்.

அடுத்தது சாஃப்ட்வேர் எவ்ளோ நேரம் காத்திருக்குதுங்குறது. லாக்கர்ல நம்பர் வைக்குற 10 ரெஜிஸ்டர கேட்டா பதில் 25 பைட்டு. கேள்வி மோடத்துக்குள்ள போக 8 மில்லிசெகண்ட், ரேடியோ மூச்சு விட்டு அனுப்பத் தொடங்க 20ல இருந்து 50, காத்துல போக ஒரு 20, லாக்கர் யோசிக்க 100, திரும்பி வர இதே கதை, எல்லாம் சேத்து 300 மில்லிசெகண்ட் பக்கம். ரிப்பீட்டர் வாங்கி வச்சு அனுப்புற வகைன்னா அரை செகண்ட் ஆயிடும். பல சாஃப்ட்வேர்ல ஒயருக்குன்னு நினைச்சு டைம்அவுட் 200, 300ன்னு வச்சிருப்பாங்க. பதில் வந்துக்கிட்டே இருக்கும்போதே இவன் அலுத்துப்போயி மறுபடியும் கேப்பான், ரெண்டும் காத்துல முட்டிக்கும். நான் 2 செகண்ட் வைப்பேன், மறு முயற்சி 2. அப்ப கணக்கு பாருங்க, 20 ஸ்டேஷனும் செத்துக் கிடந்தாகூட ஒரு சுத்துக்கு 20 ஸ்டேஷன், ஆளுக்கு 3 முயற்சி, ஒவ்வொண்ணுக்கும் 2 செகண்ட், மொத்தம் 120 செகண்ட். கால் மணிக்கு ஒரு தடவ கேக்குறவங்களுக்கு இது தாராளம், நிமிஷத்துக்கு ஒரு தடவ வேணும்னு மேலதிகாரி கேட்டா இந்தக் கணக்கக் காட்டுங்க.

ஸ்டேஷன் தானா கூப்பிடுற மாதிரி வச்சிருந்தா எல்லாரும் சரியா பூஜ்யமாவது நிமிஷத்துல கூப்பிட விடாதீங்க, ஒவ்வொருத்தருக்கும் 10 செகண்ட் தள்ளி வைங்க. ரெண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்துல மாஸ்டர் வேலை பாக்கக் கூடாது, லாக்கர் கடிகாரத்தையும் ஒரே மெஷின் மட்டும் சரி பண்ணட்டும். அப்புறம் லிங்க் ரெண்டு மூணு நாள் செத்துட்டு திரும்ப வரும்போது லாக்கர்ல தேங்குன பழைய டேட்டா மொத்தமா கொட்டும், அப்ப மோடம் பஃபர் வழிஞ்சு நடுவுல பைட்டு காணாமப் போகும். நிறுத்து, அனுப்புன்னு சொல்ற ஆர்டிஎஸ் சிடிஎஸ் ஒயர் ரெண்டையும் இழுத்து ஃப்ளோ கண்ட்ரோல் ஆன் பண்ணுங்க, இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா கேளுங்க.

வெளிய மாட்டுறது

ரிமோட் ஸ்டேஷன்ல யாகிதான், ஓம்னி போடாதீங்க, ஒரே திசைல பேசப்போறவனுக்கு நாலா பக்கமும் காது எதுக்கு. மலை மேல ஓம்னி செங்குத்தா நிக்குதுன்னா யாகியோட கம்பிகளும் செங்குத்தா நிக்கணும், படுக்க வச்சு மாட்டுனா 20 டெசிபெல் காணாமப் போகும். கேபிள் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, 15 மீட்டருக்கு ஆர்ஜி-58 போட்டா 5 டெசிபெல் போச்சு, எல்எம்ஆர்-400 போட்டா 1.3தான். கனெக்டர் மேல தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்ப இழுத்துச் சுத்தி அதுக்கு மேல யூவி தாங்குற டேப்பு, கேபிள் பெட்டிக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி தண்ணி சொட்ட ஒரு வளைவு. விஎஸ்டபிள்யூஆர், அதாவது ஆன்டெனால இருந்து எவ்ளோ பவர் திரும்பி வருதுன்னு காட்டுற அளவு, 1.5க்குள்ள இருக்கணும். இடி விஷயத்துல நம்ம நாடு உலக லெவல், கேபிள் நுழையுற இடத்துல மின்னல எர்த்துக்குத் தள்ளுற கேஸ் டியூப் அரெஸ்டர், குட்டையான தடிச்ச எர்த் ஒயரு, மாஸ்ட் எர்த்தும் பெட்டி எர்த்தும் ஒண்ணா சேந்திருக்கணும். பெட்டி ஓட்டை எல்லாத்தையும் அடைங்க, எறும்பும் பல்லியும் சூடான இடத்தத் தேடி வந்துடும்.

மாட்டி முடிச்சதும் ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது ரேடியோ காட்டுற சிக்னல் பலம், பாருங்க. கணக்குல மைனஸ் 64, நேர்ல மைனஸ் 75 வந்தா சந்தோஷமா இறங்குங்க. மைனஸ் 95 வந்தா டேட்டா ஓடுதேன்னு இறங்கிடாதீங்க, 30 டெசிபெல் எங்கயோ ஒழுகுது, ஆன்டெனா படுத்திருக்கா, கனெக்டர் நடுப்பின் உள்ள போயிடுச்சான்னு பாருங்க. சிக்னல் நல்லா இருந்தும் எரர் வந்தா நாய்ஸ் ஃப்ளோர், அதாவது சுத்தி இருக்குற இரைச்சல் அளவு, பாருங்க, மலை உச்சில எத்தனையோ டவர் நிக்குது, அதுங்க சத்தத்துக்கு நடுவுல நம்ம ரிசீவர் திணறும், அங்க நம்ம அலைவரிசைய மட்டும் விடுற கேவிட்டி ஃபில்டர் இல்லாம காலம் ஓட்ட முடியாது. தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் கடல் தாண்டிப் போற லிங்க்னா சிக்னல் ஒரு நாள்லயே ஏறி இறங்கும், தண்ணில பட்டுத் தெறிக்குற அலையும் நேரா வர்ற அலையும் அடிச்சுக்கும், கடல் ஏத்த இறக்கத்தோட மாறும், ஆன்டெனாவ ஒரு ரெண்டு மீட்டர் ஏத்தியோ இறக்கியோ பாருங்க.

கரண்ட்

5 வாட் ரேடியோ அனுப்பும்போது 12 வோல்ட்ல 2 ஆம்பியர் இழுக்கும். மெலிசான 0.5 சதுர மில்லி ஒயர்ல பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தா போக வர 10 மீட்டர், 0.7 வோல்ட் ஒயர்லயே காலி. பேட்டரி 11.8ல இருக்கும்போது ரேடியோவுக்கு 11.1தான் போகும், பேச வாயத் திறந்த உடனே ரீசெட் ஆகும், திரும்ப எழுந்து திரும்பப் பேசி திரும்ப விழும். மல்டிமீட்டர்ல சும்மா பாத்தா 12 காட்டும், ரேடியோ அனுப்பும்போது ரேடியோ முனையிலதான் பாக்கணும். ரேடியோ சும்மா கேட்டுக்கிட்டு இருக்க 100 மில்லிஆம்பியர்னா ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் அவர், லாக்கரும் சென்சாரும் சேத்து 3ன்னு வைங்க, வெயிலே இல்லாத 5 நாளுக்கு 15, லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல காலி பண்ணக்கூடாதுன்னா 30 ஆம்பியர் அவர் பேட்டரி. அது பெருசுன்னு தோணுச்சுன்னா லாக்கரே ரேடியோவ கால் மணிக்கு ஒரு தடவ அஞ்சு நிமிஷம் மட்டும் முழிக்க வைக்கட்டும்.

"மழை பெஞ்சா லிங்க் போயிடுது" அப்படின்னு வர்ற புகாருக்கு ஒரு வார்த்தை. 450 மெகாஹெர்ட்ஸ்ல மழைத்துளி சிக்னல ஒண்ணும் பண்ணாது, அது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல உள்ளவங்க கவலை. மழை தொடங்குன கொஞ்ச நேரத்துல போயி காஞ்சதும் வந்துச்சுன்னா கனெக்டர்ல தண்ணி, இல்லன்னா பாதைல இருக்குற நனைஞ்ச இலை. மழை மூணாவது நாள் விடியக்காலைல போச்சுன்னா வெயில் இல்லாம பேட்டரி இறங்கிடுச்சு. இடி இடிச்சதோட போயி வரவே இல்லன்னா அரெஸ்டரக் கழட்டிப் பாருங்க. பேட்டரி வோல்டேஜையும் ஆர்எஸ்எஸ்ஐயையும் மழை அளவோட சேத்து லாக்கர்லயே பதிவு பண்ண வச்சீங்கன்னா இதெல்லாம் ஆபீஸ்ல உக்காந்தே தெரிஞ்சுக்கலாம், மலை ஏற வேண்டியதில்ல.

ஒவ்வொரு பெட்டி செட்டிங்கையும் ஃபைலா சேமிச்சு ஸ்டேஷன் பேரோட ரெண்டு இடத்துல வைங்க, சாஃப்ட்வேர் வெர்ஷனையும் சேத்து, ஏன்னா அஞ்சு வருஷம் கழிச்சு புது வெர்ஷன் பழைய பெட்டியோட பேசாமப் போகலாம். ரிமோட் பெட்டி செட்டிங்க ரேடியோ வழியாவே மாத்துறப்ப தூரத்துல இருக்குறத முதல்ல மாத்துங்க, ரிப்பீட்டர அதுக்கப்புறம், மாஸ்டர கடைசில. தலைகீழா பண்ணுனா அந்தக் கடைசி ஸ்டேஷனுக்கு நீங்களே நேர்ல போயாகணும்.